சமாதானம் செய்தவர்களுக்கு ஊரில் ஓர் இடம்: சுவரோவியமும் கண்காட்சியும் அமைக்க முழுமையான வழிகாட்டி

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்து போனவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். வழியில் இருந்த ஊர்க்காரர்கள் பலர் யார் கையிலும் எதையும் கொடுக்கவில்லை. சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நடந்து வந்தவர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு மேலே நடந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நூலகக் கூடத்தில் இந்த நடைப்பயணத்தைப் பற்றி நாங்கள் சின்னதாக ஒரு கண்காட்சி வைத்தோம். சுவர் முழுக்கத் தட்டிகள். நடுவில் ஒரு காய்ந்த புளியங்கிளை. அதில் வாழைச்சருகில் மடித்து நூல் சுற்றிய பொட்டலங்கள். உள்ளே மரத்தூள்தான் வைத்திருந்தோம். முதல் நாள் மதியம் ஒரு பாட்டி வந்தார். தட்டிகளைப் பார்க்கவே இல்லை. நேராகக் கிளைக்கிட்டப் போய், ஒரு பொட்டலத்தை நிதானமாக அவிழ்த்தார். "என்ன தம்பி, உள்ளே சோறு இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அவிழ்த்ததை அதே மாதிரி மடித்துத் திரும்பக் கட்டிவைத்தார். மறுநாள் காலையிலிருந்து நிஜமான புளியோதரையே கட்டித் தொங்கவிட்டோம். வந்தவர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். அன்றைக்குப் பிறகு யாருக்கும் அந்த உத்தரவை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது அந்தப் பாட்டி கற்றுக்கொடுத்ததைத்தான். சமாதானத்துக்காக நின்றவர்களின் முகத்தைவிட, அவர்கள் செய்த காரியத்தைக் காட்டுங்கள். பள்ளி, நூலகம், ஊர்ச்சங்கம், நண்பர் குழு என்று யார் செய்தாலும் சரி, பெரிய பணம் இல்லாமலே நல்லபடியாகச் செய்ய முடியும்.

முதல் படி: ஆளை அல்ல, ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலும் கூட்டம் போட்டதும் பெயர்ப் பட்டியல்தான் வரும். காந்தி, மண்டேலா, மார்ட்டின் லூதர் கிங், அன்னை தெரசா. பட்டியலைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த நாளில்? எந்த இடத்தில்? யாருக்கும் யாருக்கும் நடுவில்? அதனால் அவர் எதை இழந்தார்? நான்குக்கும் பதில் எழுத முடிந்தால் கண்காட்சிக்கு விஷயம் இருக்கிறது. முடியவில்லை என்றால் கையில் இருப்பது புகழுரை மட்டும்தான். அதை வைத்து இரண்டாவது தட்டியைக்கூட நிரப்ப முடியாது.

தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்வோம். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தமிழ்ப் பெண். 1913இல் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் சத்தியாகிரகத்தில் சேர்ந்து மூன்று மாதக் கடுங்காவல் பெற்றார். சிறையில் காய்ச்சல் கண்டது. முன்கூட்டி விடுவிக்கிறோம் என்றபோது வேண்டாம் என்றார். வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தார். நான்கு கேள்விக்கும் பதில் இருக்கிறது. "வீரமங்கை" என்று எழுதி ஒரு படத்தை மாட்டுவதைவிட, வேண்டாம் என்று அவர் சொன்ன அந்த ஒரு நொடியை எப்படிக் காட்டலாம் என்று யோசித்தால் கண்காட்சி தானாக வளரும்.

நம் காலத்திலேயே பார்த்துக் கற்றுக்கொள்ள நம்மிடம் ஆட்கள் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட பிறகு, கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் அந்தப் பகுதிக்குப் போய்த் தங்கி வேலை செய்தார்கள். பிறகு 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடம் பேரம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலமில்லாத பெண்களின் பெயரில் நிலத்தை எழுதிவைத்தார்கள். 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது வந்தது. விருதுப் படத்தை மாட்டினால் ஒரு தட்டி. ஒரு பட்டாவின் நகலை மாட்டி, அதில் உள்ள பெண்ணின் பெயருக்குக் கீழே கோடு போட்டால் அது வேறு.

இன்னொன்றையும் இந்தப் படியிலேயே பேசிவிட வேண்டும். தேர்ந்தெடுத்தவரின் குறைகளை மறைக்காதீர்கள். 2016 ஜூனில் கானா பல்கலைக்கழக வளாகத்தில் காந்தி சிலை திறக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் இளவயதில் அவர் கறுப்பின மக்களைப் பற்றி எழுதியவற்றை எடுத்துக்காட்டி, பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். 2018 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். காந்தியை நேசிக்கிற எவரும் அந்த எழுத்துகளையும், அவர் அங்கிருந்து மாறி வந்த தூரத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும். பீடத்தில் நிற்கும் சிலைக்கு அதைச் சொல்ல வாய் கிடையாது. கண்காட்சியின் ஒரு தட்டியில் சொல்லலாம்.

இரண்டாம் படி: அந்தக் கதை யாருடையதோ அவர்களிடம் கேளுங்கள்

வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தில் போக்சைடு என்ற பகுதி இருக்கிறது. முப்பது வருடக் கலவரத்தில் ரத்தம் சிந்திய தெருக்கள். அங்கே மூன்று ஓவியர்கள் வீட்டுச் சுவர்களில் அந்தக் காலத்தைப் பெரிது பெரிதாக வரைந்தார்கள். 2004இல் வரைந்தது அமைதிச் சுவரோவியம். அதற்குமுன் கத்தோலிக்கக் குழந்தைகளையும் புராட்டஸ்டன்ட் குழந்தைகளையும் உட்காரவைத்து, அமைதி என்றால் என்ன என்று வரையச் சொன்னார்கள். அதிலிருந்துதான் வடிவம் வந்தது: வண்ணச் சதுரங்களுக்கு மேல் ஒரு புறா, அதோடு ஓர் ஓக் இலை.

புறா எல்லா இடத்திலும் இருக்கிறதே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த ஊரைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் துறவி கொலம்பாவின் பெயருக்குப் புறா என்று பொருள். டெர்ரி என்ற பெயரே ஓக் மரத்தோப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆக, அந்தச் சுவரில் இருப்பது அவர்கள் ஊருக்கே சொந்தமான அடையாளம். நம் பள்ளிச் சுவர்களிலும் ஆலிவ் இலை கவ்விய வெள்ளைப் புறாவை வரைந்துகொண்டே இருக்கிறோம். ஆலிவ் மரத்தை நம் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. மரத்தில் தொங்கும் சோற்றுப் பொட்டலம் நம்முடையது. பஞ்சாயத்து பேசி முடித்த ஆலமரத்து மேடை நம்முடையது. உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.

கேட்பது என்றால் ஒரு முறை கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவதல்ல. குறைந்தது மூன்று சந்திப்பு வேண்டும். முதல் சந்திப்பில் நீங்கள் பேசவே கூடாது. இரண்டாவதில் கையால் வரைந்த மாதிரிகளைக் காட்டுங்கள். கணினியில் மெருகேற்றிய படத்தைக் கொண்டுபோனால், "நல்லா இருக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பென்சில் கோடு என்றால் திருத்தம் சொல்வார்கள். மூன்றாவதில் திருத்தியதைக் காட்டுங்கள். கொலையோ கலவரமோ சம்பந்தப்பட்ட கதை என்றால், பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். அதற்கு மேல் வாதாடக் கூடாது. இரண்டு தரப்பு இருந்த சண்டை என்றால் இரண்டு தரப்பையும் தனித்தனியாக முதலில் பாருங்கள், பிறகு சேர்த்து.

மூன்றாம் படி: தேடிச் சேர்த்தல்

சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம், கன்னிமாரா நூலகம், மதுரையில் காந்தி அருங்காட்சியகம். இந்த நான்கிலேயே பெரும்பாலான அச்சு ஆதாரங்கள் கிடைத்துவிடும். காந்தியின் எழுத்துகள் நூறு தொகுதிகளும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மதுரைக்கு நேரில் போவது நல்லது. ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில், சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. அந்த அறைக்குள் வந்ததும் சத்தம் போட்டுக்கொண்டு வரும் பள்ளிப் பிள்ளைகள்கூட அமைதியாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். எதைக் காட்ட வேண்டும் என்பதற்கு அதைவிடப் பாடம் இல்லை.

காப்பகத்தில் கிடைக்காதது வீடுகளில் இருக்கும். பழைய படங்களை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஸ்கேனரையும் மடிக்கணினியையும் அவர்கள் வீட்டுக்கே தூக்கிப் போங்கள். 600 டிபிஐ தரத்தில் அங்கேயே ஸ்கேன் செய்து, கண்முன்னாலேயே திருப்பிக் கொடுங்கள். யார் படம், யார் கொடுத்தது, எந்த வருடம் என்று ஒரு நோட்டில் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். கண்காட்சிக்கு மட்டுமா, அச்சிலும் இணையத்திலும் போடலாமா என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி புகைப்படத்துக்குக் காப்புரிமை, அதை எடுத்தவர் இறந்த பிறகு 60 வருடம். எழுத்துக்கும் அப்படித்தான், எழுதியவர் இறந்த பிறகு 60 வருடம். இதைத் தாண்டியவை என்றால் சிக்கல் இல்லை. தாண்டாதவற்றுக்கு அனுமதிக் கடிதம் கட்டாயம்.

வாய்மொழியாக வரும் கதைகளை ஒலிப்பதிவு செய்யுங்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளியைப் பற்றி இன்றும் சொல்வார்கள். சவரம் செய்துகொண்டிருக்கும்போதே, எதிரில் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும், கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். அதற்காகச் சிறைக்கும் போனார். ஓர் ஊர் வாயிலிருந்து வாய்க்குக் கொண்டுவந்த கதை என்றால் தட்டியில் அப்படியே "ஊரில் சொல்வது" என்று எழுதுங்கள். ஆவணத்தில் இருப்பதையும் நினைவில் இருப்பதையும் கலந்துவிடக் கூடாது.

நான்காம் படி: எந்த வடிவம்?

சிலைதான் வைக்க வேண்டும் என்று யாராவது பிடிவாதமாக இருப்பார்கள். பொறுமையாகப் பேசுங்கள். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நம் ஊர்களில் எத்தனை தலைவர்கள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க ஜனங்களோடு நடந்தவரைப் பூட்டுப் போட்டுப் பாதுகாக்கும்படி ஆகிவிட்டது. வருடத்துக்கு ஒரு நாள் ஏணி வைத்து மாலை போடுகிறோம்.

முகம் இல்லாமலே நினைவுகூர முடியுமா? டெல்லி காந்தி ஸ்மிருதிக்குப் போனவர்களுக்குத் தெரியும். அவர் தங்கியிருந்த அறையிலிருந்து பிரார்த்தனை மைதானம் வரை, 1948 ஜனவரி 30 மாலை அவர் கடைசியாக நடந்த பாதையில் காலடித் தடங்களைத் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடமாகப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடக்கலாம். பிறகு ஓரிடத்தில் தடம் நின்றுவிடும். எந்தச் சிலையும் என்னை அப்படி நிறுத்தியதில்லை.

சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் நினைவாகச் சிற்பி லூயிஸ் பூர்ஷுவா செய்ததில் கைகள் மட்டும்தான். கருங்கல்லில் செதுக்கிய, பெரியவர் கையும் குழந்தைக் கையும். ஆடம்ஸ் வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்களுக்கும் ஏழைத் தொழிலாளிகளுக்கும் வீடு திறந்து வைத்தவர், 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் முகத்தைப் பூர்ஷுவா வடிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஹோவிக்கில், மண்டேலா 1962 ஆகஸ்ட் 5 அன்று கைதான சாலையோரத்தில், மார்கோ சியான்ஃபனெல்லி 2012இல் 50 இரும்புத் தூண்களை நட்டார். கிட்டப் போனால் வெறும் வெட்டிய தகடுகள், சிறைக் கம்பி மாதிரி. 35 மீட்டர் தள்ளி ஒரே ஓரிடத்தில் நின்று பார்த்தால்தான் தூண்கள் ஒன்றுசேர்ந்து மண்டேலாவின் முகமாகும். இதில் முகம் இருக்கிறது, ஆனால் பார்ப்பவர் நடந்து போய்த் தேடினால்தான் கிடைக்கும்.

ஆளுருவம்தான் வேண்டும் என்றால் கேப்டவுன் துறைமுகத்தில் உள்ள நோபல் சதுக்கத்தைப் பாருங்கள். அமைதிக்கான நோபல் பெற்ற தென்னாப்பிரிக்கர்களான லுத்தூலி, டுட்டு, டி கிளார்க், மண்டேலா நால்வரும் குட்டையாக, தலை பெரிதாக, தரையை ஒட்டி நிற்கிறார்கள். குழந்தைகள் போய்க் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நால்வரோடு நிறுத்தவும் இல்லை. போராட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் ஆற்றிய பங்கைச் சொல்ல நோரியா மபாசாவின் சிற்பம் ஒன்று அதே சதுக்கத்தில் இருக்கிறது.

நம் கைக்கும் காசுக்கும் எட்டுவது பெரும்பாலும் இரண்டு: ஒரு நடமாடும் கண்காட்சி, ஒரு சுவரோவியம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது. கண்காட்சி கதையைச் சொல்லும். அது முடிந்து போன பிறகும் சுவர் நிற்கும்.

ஐந்தாம் படி: பணம்

ஒரே ஆளிடம் மொத்தமாக வாங்காதீர்கள். அவர் படம் தட்டியில் வந்துவிடும். ஹிரோஷிமாவில் குழந்தைகள் அமைதி நினைவுச்சின்னம் எப்படி வந்தது என்று பாருங்கள். குண்டு விழுந்தபோது இரண்டு வயதாயிருந்த சடாகோ சசாகி, 1955இல் 12 வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். அவளுடைய வகுப்புத் தோழர்கள் தொடங்கிய வசூலில் ஜப்பான் முழுக்க 3,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் சேர்ந்துகொண்டன. 1958 மே 5 அன்று, ஜப்பானின் குழந்தைகள் தினத்தில், சின்னம் திறக்கப்பட்டது. பத்து ரூபாய் கொடுத்த பிள்ளை அந்தச் சுவரில் எச்சில் துப்ப விடாது.

ஆறாம் படி: கண்காட்சியைக் கட்டுவது

முதலில் வாசகம் எழுதுங்கள், வடிவமைப்பு பிறகு. ஒரு தட்டிக்கு 60, 70 சொல் போதும். நின்றுகொண்டே படிப்பவர்களுக்கு அதற்கு மேல் பொறுமை இருக்காது. எங்கள் முதல் வரைவில் ஒரு தட்டி இப்படி இருந்தது: "அகிம்சையின் திருவுருவமாகவும் தியாகத்தின் சிகரமாகவும் திகழ்ந்த தொண்டர்கள் தம் இன்னுயிரையும் பொருட்படுத்தாது வீறுநடை போட்டனர்." இதைப் படித்தால் யார், எங்கே, என்ன செய்தார்கள் என்று எதுவும் தெரியாது. திருத்திய பிறகு இப்படி ஆயிற்று:

"1930 ஏப்ரல் 13. தமிழ்ப் புத்தாண்டு நாள். திருச்சியிலிருந்து சுமார் நூறு பேர் கிளம்பினார்கள். வேதாரண்யம் போய்ச் சேர 15 நாள் ஆனது. யார் கையிலும் ஆயுதம் இல்லை. அவர்களுக்குச் சோறு கொடுத்தால் தண்டனை என்று கலெக்டர் அறிவித்திருந்தார். இந்தக் கிளையைப் பாருங்கள்."

கடைசி வரி முக்கியம். தட்டி பக்கத்தில் இருக்கும் பொருளைக் கை காட்ட வேண்டும்.

எழுதியதை மூன்று பேரிடம் கொடுங்கள்: விஷயம் தெரிந்த ஒருவர், தமிழாசிரியர் ஒருவர், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. பிள்ளை தடுமாறுகிற இடத்தை மாற்றுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரு பெரிய தொல்லை வரும். யூனிகோடில் தட்டிய தமிழை டிடிபி கடையின் பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். "கொடு" என்பது படிக்கவே முடியாத ஏதோ ஒன்றாக வந்து நிற்கும். எழுத்துகளை உருவங்களாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். ஏ4 தாளில் எல்லாத் தட்டியும் ஒரு முறை அச்செடுத்து, தரையில் வரிசையாகப் பரப்பி, எழுத்து எழுத்தாகப் படித்த பிறகே பெரிதாக அடிக்கச் சொல்லுங்கள்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம். விளக்கு பட்டுப் பளபளக்கும், சுருட்டினால் மடிப்பு விழும், கடைசியில் குப்பையில் கிடந்து மக்காது. மங்கலான மேட் வினைல் ஒட்டிய சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) தட்டி நேராக நிற்கும். நாலைந்து ஊருக்கு எடுத்துப் போகலாம். அதைவிடக் குறைந்த செலவில் வேண்டும் என்றால், கதர்த் துணியில் அச்சடித்து மூங்கில் கழியில் தொங்கவிடலாம். எங்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. தட்டியின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரட்டும். சின்னப் பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் நிறைய வருவார்கள் என்றால் இன்னும் இறக்குங்கள். வாசகத்தின் எழுத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் படிக்கும் அளவில் இருக்க வேண்டும். கணக்குப் போடாதீர்கள், ஒரு பெரியவரையே நிற்கவைத்துப் பாருங்கள்.

மூலக் கடிதங்கள், பழைய படங்கள் எதையும் மாட்டாதீர்கள். வெளிச்சம் மையைத் தின்றுவிடும். அருங்காட்சியகங்களில் காகிதத்துக்கு 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் விடுவார்கள். நம் கூடத்து டியூப் லைட்டும் ஜன்னல் வெயிலும் அதைப் போலப் பல மடங்கு. நல்ல நகல் எடுத்து மாட்டுங்கள், நகல் என்று கீழே எழுதுங்கள்.

தொடுவதற்கு ஏதாவது வேண்டும், கேட்பதற்கு ஏதாவது வேண்டும். நாமக்கல் கவிஞர் இந்த நடைக்கென்றே எழுதிய பாட்டைப் பிள்ளைகள் ஒரு மூலையில் மணிக்கொரு தரம் பாடினார்கள். ஒலிபெருக்கி வைக்கவில்லை. அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வாங்கிய கல்லுப்பு ஒரு மரக்கால் நிறைய இருந்தது. ஏப்ரல் 30 அன்று அதே ஊரில்தான் உப்பெடுத்தார்கள். வருகிறவர்கள் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு போகலாம் என்று எழுதி வைத்தோம். இரண்டாம் நாளே மரக்கால் காலி.

கருத்துப் புத்தகம் வைத்தால் "மிக அருமை" என்றுதான் எழுதுவார்கள். அதற்குப் பதில் ஒரு காலிச் சுவரும் சின்ன அட்டைகளும் வைத்து, "உங்கள் வீட்டில், தெருவில் ஒரு சண்டையை நிறுத்தியவர் யார்? எப்படி நிறுத்தினார்?" என்று கேட்டோம். ஒரு பெண் பிள்ளை எழுதியது: "எங்க அப்பத்தா. ரெண்டு சித்தப்பாவும் நாலு வருஷமா பேசல. தீபாவளிக்கு ரெண்டு வீட்டுப் பலகாரத்தையும் ஒரே தூக்குல மாத்தி வெச்சு அனுப்புனாங்க. தூக்கைத் திருப்பிக் குடுக்கப் போய்த்தான் பேச ஆரம்பிச்சாங்க." மூன்றாம் நாள் முடிவில் அந்தச் சுவரில் இடமே இல்லை. கண்காட்சியில் கூட்டம் அதிகம் நின்றது அங்கேதான்.

ஏழாம் படி: சுவரோவியம்

சுவர் யாருடையது என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். தனியார் சுவர் என்றால் உரிமையாளர் கடிதம். பள்ளி என்றால் தலைமையாசிரியரோடு கல்வித் துறை. மற்றவற்றுக்கு நகராட்சி, ஊராட்சி, பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை என்று யாருக்குச் சொந்தமோ அவர்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லிருந்தே நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. வாய்வார்த்தை அனுமதியை நம்பிச் சாரம் கட்டாதீர்கள். அரசு மனது வைத்தால் பெரிய சுவர்கள் கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2014இல் டெல்லி காவல்துறைத் தலைமையகத்தின் சுவரில் காந்தியை 150 அடி உயரத்துக்கு வரைந்தார்கள். 2020இல் சென்னை கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்கள் மாநகராட்சியின் துணையோடு ஓவியங்களாயின.

அப்புறம், சுவரைப் படியுங்கள். அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். நாங்கள் ஒரு கடலோர ஊரில் இதைக் கவனிக்காமல் வரைந்தோம். ஒரே மழைக்காலம். அடுத்த தை மாதம் போனால், நடந்து போகிறவர்களின் கால்கள் எல்லாம் முழங்கால் வரை உதிர்ந்திருந்தன. அவ்வளவு பேர் வேலையை அப்படிப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஈரம் உள்ள சுவரை விட்டுவிடுங்கள். வேறு சுவரே இல்லை என்றால் அடியில் மூன்றடியை வெறும் நிறமாக விட்டு, படத்தை அதற்கு மேலிருந்து தொடங்குங்கள்.

புதிதாகப் பூசிய சுவர் என்றால் 28 நாளாவது காயட்டும். பழைய சுவர் என்றால் சுண்ணாம்பும் சுவரொட்டிப் பசையும் போகச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவையுங்கள். விரிசலை அடைத்து, வெளிச்சுவருக்கான வெள்ளை சிமென்ட் புட்டி, அதன் மேல் பிரைமர். வண்ணத்துக்கு வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன். டிஸ்டெம்பர் கூடவே கூடாது, தேய்த்தால் கையோடு வரும். மேற்கு பார்த்த சுவரில் சாயங்கால வெயில் சிவப்பையும் மஞ்சளையும் முதலில் வெளுக்கவைக்கும். அங்கே நீலம், காவி, பச்சை ஆகியவற்றை அதிகம் நம்புங்கள்.

படத்தை ஏற்றக் கட்டம் போடுவதே எளிது. மாதிரித் தாளில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் ஓரடிக் கட்டம். நூலில் நீலப்பொடி தடவிச் சுண்டினால் நேர்கோடு விழும். வரைவதற்குத் தை, மாசி, பங்குனி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். சாரத்தில் ஏறுபவர்களுக்குத் தலைக்கவசமும் இடுப்புக் கயிறும் கட்டாயம். பிள்ளைகள் தரையில் நின்று எட்டும் உயரம் வரை மட்டும் வரையட்டும். அந்தப் பகுதியை முன்கூட்டியே அவர்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். எங்கள் சுவரில் மரத்தை ஓவியர் வரைந்தார். பொட்டலங்கள் முழுக்கப் பிள்ளைகள் வரைந்தவை, 98 பொட்டலம். ஒவ்வொன்றின் முடிச்சும் வேறு மாதிரி இருக்கும்.

ஓவியர்களுக்குக் கூலி கொடுங்கள். சேவைதானே என்று கேட்காதீர்கள். சமாதானத்தைப் பற்றிய சுவரில் அந்த ஒரு அநியாயம் வேண்டாம். கீழே ஓரத்தில் அவர்கள் பெயர் இருக்கட்டும், நன்கொடையாளர் பெயர் தனிப் பலகையில் போகட்டும்.

எட்டாம் படி: திறப்பு

நாளைக் கதையிலிருந்தே எடுங்கள். உள்ளூர் நாள் கிடைக்கவில்லை என்றால் ஜனவரி 30 இருக்கிறது, உலக அகிம்சை நாளான அக்டோபர் 2 இருக்கிறது, உலக அமைதி நாளான செப்டம்பர் 21 இருக்கிறது. திறந்து வைக்கப் பிரமுகரைத் தேடி அழைப்பிதழில் பெயர் வரிசைக்குச் சண்டை போடுவதைவிட, அந்தச் செயலைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளையோ, மூன்றாம் படியில் படம் கொடுத்த குடும்பங்களையோ முன்னால் நிறுத்துங்கள்.

விளக்கிச் சொல்ல எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரே கதை, மூன்று நிமிடம். மனப்பாடம் செய்யவிடாதீர்கள், அந்த இடத்துக்கு ஒரு முறை கூட்டிப் போய் வந்தாலே சொந்தமாகச் சொல்வார்கள்.

ஒன்பதாம் படி: பிறகு

பெரும்பாலான ஊர்களில் இந்தப் படியே இருப்பதில்லை. சிகாகோவின் அந்தக் கருங்கல் கைகள் வைத்த இடத்தில் சேதப்படுத்தப்பட்டு, எடுத்துச் சரிசெய்து, 2011இல் வேறொரு பூங்காவுக்குப் போயின. ஹிரோஷிமாவில் சடாகோ சின்னத்தைச் சுற்றி, அவள் நினைவாக மடித்துக் குவித்த காகிதக் கொக்குகளுக்கு 2003இல் ஒருவர் தீவைத்தார். இப்போது அவற்றைக் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள். நம் ஊரிலும் ஏதாவது நடக்கும், சுவரொட்டியாவது ஒட்டுவார்கள். யார் போய்க் கிழிப்பது, எந்த வண்ணத்தால் சரிசெய்வது என்று திறப்பு விழாவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். வருடம் ஒரு முறை, மழை முடிந்ததும், சுவரை மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வெளுத்த இடத்துக்கு மட்டும் மேல் வண்ணம் போடுங்கள். அதற்காக ஒவ்வொரு வண்ண டப்பாவின் குறியீட்டு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி, மீந்த வண்ணத்தைச் சின்ன டப்பாக்களில் மூடி வையுங்கள்.

கண்காட்சிக்கு ஒரு தகரப் பெட்டி வேண்டும். தட்டிகள் அல்லது துணிகள், மூங்கில் கழிகள், கொக்கிகள், வரிசை எண் எழுதிய தாள், அட்டைகள், அனுமதிக் கடித நகல்கள், மரக்கால், ஒரு கண்டு நூல். பெட்டி மூடியின் உட்பக்கம் எந்த ஊருக்கு எப்போது போனது, யார் பொறுப்பு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எங்கள் பெட்டி இதுவரை ஏழு ஊர் போயிருக்கிறது. மூடியில் இன்னும் இடம் இருக்கிறது. பொட்டலம் மட்டும் பெட்டியில் போவதில்லை. போகிற ஊரில் யாராவது அன்றைக்குக் காலையில் எழுந்து புளியோதரை கிளறிக் கட்டித் தர வேண்டும். முதல் கடிதத்திலேயே அதைக் கேட்டுவிடுகிறோம்.